நீக்கலும் மறுக்கலும்: கோடியக்கரையை முன்வைத்து

எழுத்துக்கு இலக்கணம் உண்டு, சொல்லுக்கு உண்டு, பொருளுக்கும் உண்டு. எழுதியதை அழிப்பதற்குத் தமிழில் ஒரு நூற்பாகூட இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது. கருந்திரையில் 'ஆர்எம்' என்ற நீக்கல் கட்டளையைத் தட்டி, ஓர் இடம் விட்டுக் கோப்பின் பெயரையும் தட்டி, என்டர் விசையை அழுத்துகிறோம். 'பெர்மிஷன் டினைட்' என்கிறது திரை. மறுப்பது யார், எந்த உரிமையால் மறுக்கிறார் என்பதே ஆய்வுச் சிக்கல். ஆய்வின் எல்லை வடக்கே வேதாரண்யம், கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக் நீரிணை. மேற்கே சதுப்பு, அங்கே எல்லைக் கல் நட்டால் நிற்காது என்பதால் நடவில்லை.

கணினிக் கட்டளைக்கும் கோடியக்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள். சம்பந்தம் இரண்டு. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆகவே யூனிக்ஸ் மரபின் உரிமைச் சிக்கல், பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1971இல் முதல் கையேட்டை வெளியிட்ட நாற்பதே ஆண்டுகளில், பிளஸ் டூ மாணவர்களின் புத்தகப் பை வழியாகக் காவிரிக் கடைமடைக்கு வந்து சேர்ந்தது. காவிரித் தண்ணீர் இவ்வளவு ஒழுங்காக வந்ததில்லை.

இரண்டாவது சம்பந்தம் ஆழமானது. அழிப்பதற்கு இத்தனை கட்டுப்பாடு உள்ள ஊர் டெல்டாவில் வேறில்லை. 1967இல் கோடியக்கரைக் காடு சரணாலயம் ஆனது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் எதையும் அழிக்கவோ அங்கிருந்து அகற்றவோ தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. அந்த அனுமதியையும் அவர் நினைத்தபடி கொடுத்துவிட முடியாது. அகற்றினால்தான் வன உயிருக்கு நல்லது என்று மாநில அரசுக்குத் தோன்ற வேண்டும். அழித்தல், அகற்றுதல் என்று இரண்டையும் பிரித்துச் சொல்லியிருப்பதைப் பார்த்தால், சட்டத்தை வரைந்தவர் கட்டளை வரியில் ஒருமுறையாவது அடிபட்டிருப்பாரோ என்ற ஐயம் எழுகிறது. காலம் ஒத்துவருகிறது, சான்றுதான் இல்லை.

முதலில் இன்றைய நடைமுறையைப் பார்க்கலாம். டெல்டாவின் எந்தக் கணினி மையத்திலும் காதில் விழக்கூடிய உரையாடல் இது.

"அண்ணே, டெலிட் ஆவ மாட்டேங்குதுண்ணே."

"சூடோ போட்டுப் பாத்தியா?"

"போட்டா எல்லாம் போயிடுமோன்னு பயமா இருக்குண்ணே."

"அப்ப செவன் செவன் செவன் குடுத்துட்டு அடி தம்பி."

சூடோ என்பது கட்டளையை முழு அதிகாரத்தோடு ஓட்டுவது, மூன்று ஏழு என்பது எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுப்பது. சிகிச்சை இரண்டும் கேட்டவுடன் கிடைக்கின்றன. நோய் எது என்று அண்ணனும் கேட்கவில்லை, தம்பியும் சொல்லவில்லை. இந்த மருத்துவ முறைக்கு எதிராகவே பின்வரும் நூற்பா யாக்கப்பட்டது:

நீக்கும் உரிமை கோப்பிற் கில்லை
அடைவிற் குரித்தே ஆயுங் காலை.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், ஒரு கோப்பை அழிக்கலாமா கூடாதா என்பதை அந்தக் கோப்பின் மேல் எழுதியிருக்கும் அனுமதி தீர்மானிப்பதில்லை, அது கிடக்கும் அடைவின் அனுமதியே தீர்மானிக்கும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. அடைவு என்றது டைரக்டரியை. ஃபோல்டர் என்பாரும் உளர். 'ஆயுங் காலை' என்றதனால், ஆயாமல் சூடோ போடுவாருக்கு இது விளங்காது என்பதும் பெறப்பட்டது.

இதற்கு விளக்கம் கோடியக்கரையின் பறவைகளிடம் இருக்கிறது. வலசை வரும் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிடும் வேலையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பல பத்தாண்டுகள் செய்திருக்கிறது. சாலிம் அலியின் பெயர் இந்த ஊரோடு ஒட்டிக்கொண்டது அந்த வழியில்தான். வளையத்தில் இருப்பது ஓர் எண். அந்த எண் எந்தப் பறவைக்கு, எங்கே, என்று மாட்டப்பட்டது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும். யூனிக்ஸ் கோப்பும் அப்படியே. கோப்பை அடையாளம் காட்டுவது ஓர் எண் மட்டும். அதற்கு ஐநோடு எண் என்று பெயர். 'கடைசி_இறுதி_உண்மையான_இறுதி' என்றெல்லாம் நாம் வைக்கும் பெயர் கோப்பில் இருப்பதில்லை. அடைவு என்கிற பதிவேட்டில், எண்ணுக்கு நேரே, ஒரு வரியாக இருக்கிறது. ஆர்எம் கட்டளை செய்வது அந்த வரியை அடிப்பது மட்டுமே. வரியை அடிக்கக் கொசு உள்ளானிடம் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. பதிவேட்டில் பேனா வைக்கும் உரிமை நமக்கு இருந்தால் போதும்.

ஒரே எண்ணுக்கு இரண்டு அடைவுகளில் இரண்டு பெயர் இருக்கலாம். ஒன்றை அடித்தாலும் கோப்பு பிழைத்திருக்கும். கடைசிப் பெயரும் அடிபட்ட பிறகு, அதைத் திறந்து வைத்திருக்கும் கடைசி நிரலும் மூடிய பிறகுதான் வட்டில் இடம் திரும்பக் கிடைக்கும். பெரிய பதிவுக் கோப்பை நீக்கியும் வட்டு நிறைந்தே இருக்கிறதே என்று நள்ளிரவில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் பொறியாளர்கள் இந்த வரியை மட்டும் இரண்டு முறை படிக்கவும்.

நூற்பாவிலிருந்து பெறப்படும் முடிவுகள் சாதுவானவை அல்ல. உங்கள் வீட்டு அடைவில், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் என்ற பயனரின் பெயரில் ஒரு கோப்பு கிடக்கிறது. நேற்று நீங்களே சூடோ போட்டு எதையோ நிறுவியபோது பிறந்தது. அதைத் திறந்து ஓர் எழுத்தைக்கூட உங்களால் மாற்ற முடியாது. ஆனால் ஒட்டுமொத்தமாக நீக்கிவிடலாம், அடைவு உங்களுடையது என்பதால். ஒற்றுப்பிழை திருத்த உரிமை இல்லாதவருக்கு நூலையே இல்லாமல் ஆக்க உரிமை உண்டு. தமிழ்ப் பதிப்புலகத்துக்கு இது புதிதல்ல. மறுதலையும் உண்மை. பிறர் அடைவில் உங்கள் பெயரில் ஒரு கோப்பு, எல்லா அனுமதியோடும் இருக்கிறது. உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்து வெறுங்கூடாக்கலாம், அந்தக் கூட்டை அகற்ற முடியாது.

மறுப்பார் ஒரு கேள்வி எழுப்புவர். எழுதத் தடைசெய்த கோப்பை அழிக்கப்போனால், 'இது எழுதத் தடைசெய்த கோப்பு, நீக்கவா?' என்று ஆர்எம் கேட்கிறதே, அது கோப்பின் உரிமை அன்றோ? அன்று. அது மரியாதை. கல்யாணத்துக்கு மண்டபம், சமையல்காரர், பத்திரிகை எல்லாம் முடிவான பிறகு பெரியப்பாவிடம் போய் "என்ன சொல்றீங்க பெரியப்பா?" என்று கேட்பதைப் போன்றது. 'ஒய்' என்று தட்டினால் வேலை நடந்துவிடும். '-எஃப்' சேர்த்தால் பெரியப்பாவைக் கேட்காமலே நடக்கும். அடைவில் உரிமை இல்லாதபோது எத்தனை -எஃப் சேர்த்தாலும் ஒன்றும் நடக்காது. 'ஃபோர்ஸ்' என்ற பெயரை நம்பி ஏமாந்தவர் பலர்.

ஆகவே மறுப்பு வந்ததும் செய்யத்தக்கது, கோப்பை முறைத்துப் பார்க்காமல், 'எல்எஸ் -எல்டி' என்று தட்டி அடைவைப் பார்ப்பது. மூன்று மூன்று எழுத்தாக ஒன்பது எழுத்து வரும்: உடையவருக்கு மூன்று, கூட்டத்தாருக்கு மூன்று, ஏனையோருக்கு மூன்று. படித்தலுக்கு மதிப்பு 4, எழுதுதலுக்கு 2, புகுதலுக்கு 1. நீக்க வேண்டுமானால் அடைவில் எழுதும் உரிமையும் புகும் உரிமையும் சேர்ந்தே வேண்டும். படிக்கும் உரிமை தேவையில்லை. கோப்பின் பெயர் மனப்பாடமாகத் தெரிந்தால் இருட்டிலேயே நீக்கலாம்.

அந்தப் புகும் உரிமையைப் பலரும் மதிப்பதில்லை, மதிப்பு 1 என்பதாலோ என்னவோ. அதன் அருமையை அறிய 1930க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள், ஏறத்தாழ நூறு தொண்டர்களோடு ராஜாஜி, தடையை மீறி உப்பு அள்ளத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார். சுமார் 150 மைல். கட்டளை வரியில் எழுதினால் வழி இப்படி இருக்கும்: சாய்கோடு திருச்சி, சாய்கோடு தஞ்சாவூர், சாய்கோடு கும்பகோணம், சாய்கோடு திருத்துறைப்பூண்டி, சாய்கோடு வேதாரண்யம், கடைசியில் உப்பு. யூனிக்ஸ் விதிப்படி, கடைசியில் உள்ளதைத் தொட வேண்டுமானால் நடுவிலுள்ள ஒவ்வோர் அடைவிலும் புகும் உரிமை வேண்டும். ஒன்றில் இல்லாவிட்டாலும் மறுப்புதான்.

இதைத் தஞ்சை கலெக்டர் தார்ன் நன்றாக அறிந்திருந்தார். கடலையும் உப்பளத்தையும் காவல் காப்பதைவிட வழியின் புகும் உரிமையைப் பறிப்பது சிக்கனம் என்று கண்டார். தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று அறிவித்தார். இது தேர்ந்த கணினி நிர்வாகியின் வேலை. கோப்பில் கைவைக்காமல், மேலே உள்ள அடைவில் ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிடுவது. அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது மரங்களை. வழியோரக் கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. போட்டவர் யார் என்று மரத்தைத்தான் விசாரிக்க வேண்டியிருந்தது.

ஏப்ரல் 30 காலையில் அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளப்பட்டது, ராஜாஜி கைதானார், தண்டனை ஆறு மாதம். எடுத்தது பிடி உப்பு. கோப்பின் அளவுக்கும் மறுப்பின் கடுமைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பூச்சியம் பைட் கோப்புக்கும் இதே வசவுதான் கிடைக்கும். உப்பு கடலின் கொடை, அதன் மேல் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை. அது கிடந்த இடத்தின் மேல் ஒரு பேரரசின் பெயர் எழுதியிருந்தது. நம் நூற்பாவை ஆங்கிலேய அரசு முன்னதாகவே பின்பற்றியிருக்கிறது. ஆனால் சூடோவும் இல்லாமல், அனுமதி மாற்றமும் கேட்காமல், மறுப்பு வரும் என்று நன்றாகத் தெரிந்தே நூறு பேர் வரிசையாக என்டர் அழுத்தினால் என்ன ஆகும் என்பது எந்தக் கையேட்டிலும் இருக்கவில்லை.

வேதாரண்யத்தில் இன்னும் பழைய வழக்கு ஒன்று உண்டு. வேதங்கள் வழிபட்டுப் பூட்டிப்போன திருமறைக்காட்டுக் கோயில் கதவை அப்பர் பாடித் திறந்ததையும், சம்பந்தர் பாடி அடைத்ததையும் சேக்கிழார் சொல்கிறார். அப்பருக்கு ஒரு பதிகம், பதினொரு பாடல், முழுதாகத் தேவைப்பட்டது. சம்பந்தருக்கு முதற்பாட்டே போதுமாயிற்று. அடியார்கள் இதில் அருள் வேறுபாடு காண்பர். ஆய்வாளன் காண்பது வேறு: அனுமதியைப் பறிக்க ஒரு கட்டளை போதும், திரும்பப் பெறுவதற்குத்தான் நாள் முழுதும் ஆகிறது. கூர்ந்து பார்த்தால் இந்த வழக்கில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. கதவு பூட்டிக் கிடந்த அத்தனை காலமும் ஊரார் கும்பிடாமல் இருக்கவில்லை. பக்கத்தில் வேறொரு வழி வைத்துக்கொண்டு போய்வந்தார்கள். பென் டிரைவில் வேறு லினக்ஸை ஏற்றிப் பழைய வட்டைப் பக்கவாட்டில் திறந்து கோப்பை அழிக்கும் உத்தி தங்களுடையது என்று நினைக்கும் இளைஞர்கள், பெரியபுராணத்தை ஒருமுறை புரட்டிவிட்டுப் பெருமைப்படலாம்.

அடுத்து, எல்லாரும் எழுதக்கூடிய அடைவு. நூற்பாவின்படி அங்கே யாரும் யாருடையதையும் அழித்துவிடலாமே? அழிக்கலாம்தான்; பழைய யூனிக்ஸில் அந்தக் கூத்தும் நடந்தது. 1986இல் வந்த 4.3 பிஎஸ்டி இதற்கு ஒரு முடிவு கட்டியது. 'டெம்ப்' போன்ற பொது அடைவின் அனுமதியில் கடைசி எழுத்தாக ஒரு 'டி' சேர்ந்தது. ஸ்டிக்கி பிட் என்பார்கள். யாரும் வந்து கோப்பு வைக்கலாம், ஆனால் வைத்தவரோ அடைவுக்கு உடையவரோ ரூட்டோ தவிர வேறெவரும் நீக்க முடியாது. கோடியக்கரை மீன்பிடிப் பருவம் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. அக்டோபர் வாக்கில் வெளியூர் மீனவர்கள் படகும் வலையுமாக வந்து இறங்கிக் கரையில் கொட்டகை போடுவார்கள். பிப்ரவரி, மார்ச் வரை கரை நிறைந்திருக்கும். எவர் வேண்டுமானாலும் வந்து கொட்டகை போடலாம் என்பதால், எவர் வேண்டுமானாலும் பக்கத்துக் கொட்டகையைப் பிரித்துவிடலாம் என்று ஆகாது. பருவம் முடிந்ததும் கரை காலியாகிவிடும். கணினியை மறுபடி இயக்கும்போது பல அமைப்புகளில் டெம்ப் காலியாவதும் அப்படித்தான். எது எதைப் பார்த்துச் செய்யப்பட்டது என்ற காலமுறைச் சிக்கலில் மீனவர் பக்கமே சாய்கிறேன்.

உடையவரே இல்லாத கோப்புகளும் உண்டு. பயனர் கணக்கை நீக்கிவிட்டால் அவர் விட்டுப்போன கோப்புகளின் மேல் பெயருக்குப் பதில் வெற்று எண் நிற்கும். கோடியக்கரைக் காட்டில் மேயும் குதிரைகள் இந்த இனம். என்றோ யாரோ வளர்த்தவற்றின் வழிவந்தவை. இன்று கடிவாளமும் இல்லை, உரிமை கோருவாரும் இல்லை. அதற்காக ஒன்றைப் பிடித்துக்கொண்டு போக முடியுமா? காடு கேட்கும்.

சில கோப்புகள் ரூட்டுக்கே மசியாது. அப்போது செய்தி மாறும்: 'பெர்மிஷன் டினைட்' வராது, 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' வரும். முன்னதன் பிழை எண் 13, பின்னதன் எண் 1. வழக்கமான காரணம், கோப்பின் மேல் மாறாமைக் குறி ஒன்றை யாரோ இட்டிருப்பது. 'எல்எஸ்ஏடிடிஆர்' போட்டால் ஓர் 'ஐ' தெரியும். 'சிஎச்ஏடிடிஆர்' கொண்டு ரூட் அதை எடுத்த பிறகே கோப்பு அசையும். பொது அடைவில் பிறர் கோப்பைத் தொட்டாலும் இதே எண் 1 வரக்கூடும் என்பதால், செய்தியைக் கடைசிச் சொல் வரை படிப்பது நல்லது. நம்மவர்கள் 'பெர்மி' வரைக்கும் படித்துவிட்டுக் கடவுச்சொல் தேடப் போய்விடுகிறார்கள்.

இவை எவற்றையும் மதிக்காத நீக்கமும் உண்டு. கோடியக்கரையின் பழைய சோழர் கலங்கரை விளக்கத்தை 2004 ஆழிப்பேரலை இடித்துப்போட்டது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையேறியபோது, கிளை ஒடிக்கவும் மனு எழுத வேண்டிய காட்டில் மரங்கள் மொத்தமாகச் சாய்ந்தன. கணினியில் இதற்கு இணை வட்டுச் சேதம். அதற்குப் பிழை எண் எதுவும் ஆறுதல் அல்ல. இதிலும் நூற்பா தப்பவில்லை. வேரோடு விழுந்து கிடந்தாலும் மரம் வனப்பொருள்தான். புயல் சாய்த்ததை மனிதன் அகற்ற, அப்போதும் அனுமதி வேண்டும்.

இனி அண்ணன் சொன்ன மருந்துகள். சூடோ 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகெஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. பட்டியலில் பெயர் இல்லாதவர் தட்டினால் 'இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்' என்று நெடுங்காலம் மிரட்டிவந்தது. புகார் போவது ரூட்டின் அஞ்சல் பெட்டிக்கு. வீட்டுக் கணினியில் ரூட் யார்? நாம்தான். நம்மைப் பற்றி நமக்கே போகும் புகார்களைப் பிரித்துப் படித்தவரை இவ்வாய்வு இன்னும் சந்திக்கவில்லை. அடைவைப் பார்த்து, அது ரூட்டுடையதுதான், நீக்க வேண்டியதும் இதுதான் என்று தெளிந்த பிறகு சூடோ போடுவதில் குற்றமில்லை. பாராமல் போட்டால் ஆபத்து, ஏனெனில் ரூட்டைத் தடுக்க அடைவுக்கு அதிகாரம் கிடையாது. 1998இல் பிக்ஸார் நிறுவனத்தில் யாரோ தவறான இடத்தில் ஆர்எம் ஓட்டி, 'டாய் ஸ்டோரி 2' படத்தின் பெரும்பகுதியே கண்ணெதிரே மறைந்தது. கேலின் சுஸ்மன் என்ற அலுவலர் வீட்டிலிருந்து வேலை செய்யப் பிரதி எடுத்து வைத்திருந்ததால் படம் பிழைத்தது.

மூன்று ஏழு கொடுப்பது அதைவிடக் கெடுதல். உடையவருக்கு ஏழு, கூட்டத்தாருக்கு ஏழு, ஏனையோருக்கும் ஏழு. ஒரு கோப்பை அழிக்க வேண்டி ஊரையே வீட்டுக்குள் விடுவது இது. நூற்பாவைப் படிக்காததால், பலர் இந்த ஏழுகளைக் கோப்புக்குக் கொடுத்துவிட்டு அடைவை மறந்துவிடுகிறார்கள். கதவு திறந்த மாதிரியும் இருக்கும், காரியமும் ஆகாது. உடையவர் பெயர்தான் சிக்கல் என்றால் 'சிஎச்ஓன்' கொண்டு அடைவைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வது நேர்வழி. பத்திரம் மாற்றாமல் வேலியைப் பிடுங்குவானேன்?

இதற்கும் திருமறைக்காட்டில் ஒரு முன்னோடி உண்டு. கட்டளை வரியில் எலிக்கு வேலையில்லை என்பார்கள். இந்தத் தலத்தில் உண்டு. கோயில் விளக்கின் நெய்யைத் தின்ன ஓர் எலி ஏறியது. நீக்கவே வந்தது, உரிமை இல்லை. மூக்கில் சுட்டது, அதாவது பெர்மிஷன் டினைட். துள்ளிய துள்ளலில் திரி தூண்டப்பட்டு, அணைய இருந்த விளக்கு நின்று எரிந்தது. அதற்காக அடுத்த பிறவியில் மூவுலகும் ஆளும் மாவலியாகப் பிறக்க வரம் பெற்றது என்பது தலபுராணம். அனுமதி மறுக்கப்பட்டதற்காக ரூட் ஆக்கப்பட்ட பயனர், ஆய்வாளன் அறிந்தவரை, அந்த எலி ஒன்றே. ரூட் ஆன பின் அதனிடம் ஒரு குள்ளன் வந்து மூன்றே மூன்று கேட்டான். மூன்றுதானே என்று கொடுத்தது. குரு சுக்கிராசாரியார் அப்போதே எச்சரித்தார். ஆவணம் பார்த்துக் கொடு என்று சொன்னவரை யார் கேட்டார்கள்?